லினக்ஸில் டயல்-அப்: மோடம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்

அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டது. மோடம் கத்தும் அந்தப் பழைய சத்தத்தை நண்பர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்தச் சத்தத்தைவிட, அதற்கு முன்னும் பின்னும் ஒரு லினக்ஸ் கணினிக்குள் நடக்கும் வேலைகள்தான் நினைவுக்கு வந்தன. அவற்றைத் தமிழில் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. இப்போது எழுதிவிடுகிறேன்.

பழங்கதை பேசும் ஆசை மட்டும் இல்லை. டயல்-அப் போய்விட்டாலும் அதற்காக எழுதிய பிபிபிடி என்ற நிரல் எங்கேயும் போகவில்லை. உங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது என்றால் ரவுட்டருக்குள் பெரும்பாலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ராஸ்பெரி பையில் சிம் கார்டு மாட்யூலைச் செருகி இணையம் எடுக்கும் பொறியியல் மாணவர்கள் இன்றைக்கும் அதே நிரலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் என்னிடம் அனுப்பும் பிழைச் செய்திகள் 1999-இல் நான் பார்த்த அதே செய்திகள், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதனால் இந்தப் பதிவு அவர்களுக்கும்தான்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழெழுத்தில் எழுதுகிறேன், படிக்கத் தோதாக இருக்கட்டும் என்று. கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

அந்தக் காலச் சூழ்நிலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆரம்பத்தில் இரண்டு வகைக் கணக்குகள். ஒன்று ஷெல் கணக்கு: வெறும் எழுத்துத் திரை, பைனில் மின்னஞ்சல், லிங்க்ஸில் இணையம், படம் கிடையாது. இன்னொன்று டிசிபி/ஐபி கணக்கு, அதில் நம் கணினிக்கே ஒரு ஐபி எண் கிடைக்கும். 1998 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே வந்த பிறகு தனியார் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அப்புறம் கணக்கு வாங்குவது எளிதாயிற்று. ஆனால் எந்த நிறுவனத்தின் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே இருக்கும் குறுந்தகடு விண்டோஸுக்கானது. உதவி மைய எண்ணைக் கூப்பிட்டு லினக்ஸ் என்று சொன்னால் மறுமுனையில் மௌனம்.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் பிசிகுவெஸ்ட் இதழோடு வந்த குறுந்தகட்டிலிருந்து. வேறு வழியும் இல்லை. 33.6 கிலோபிட் மோடத்தில் ஒரு நொடிக்கு நான்கு கிலோபைட் வந்தால் பெரிய விஷயம். 650 மெகாபைட் குறுந்தகட்டை அந்த வேகத்தில் இறக்க ஏறக்குறைய 46 மணி நேரம் ஆகும், அதுவும் ஒருமுறைகூட லைன் கட்டாகாமல் இருந்தால்.

இணையத்தில் இணைவது எப்படி என்ற விளக்கம் இணையத்தில்தான் இருக்கிறது, இணைப்போ இன்னும் வரவில்லை. இந்தச் சிக்கலை அந்தக் குறுந்தகட்டைத் தயாரித்தவர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ரெட் ஹாட் லினக்ஸை நிறுவியதும் யூஎஸ்ஆர்/டாக் அடைவுக்குள் ஹவ்டு என்று ஒரு குட்டி நூலகமே வந்து உட்கார்ந்துவிடும். அதில் ராபர்ட் ஹார்ட் எழுதிய பிபிபி-ஹவ்டு ஒன்று இருக்கும். நான் படித்த தொழில்நுட்ப எழுத்துகளில் அதற்கு எப்போதும் மேல் வரிசையில் இடம் உண்டு. 'இந்த வரியை இந்தக் கோப்பில் போடு' என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஏன் போட வேண்டும், போடாவிட்டால் திரையில் என்ன தெரியும் என்று உட்கார்ந்து சொல்லித்தரும் எழுத்து அது.

விண்டோஸில் டயல்-அப் என்பது ஒரு சன்னல், ஒரு பொத்தான், ஒரு பிழை எண். யுனிக்ஸ் வழி அப்படி இல்லை. தொலைபேசி லைன், மோடம், சீரியல் போர்ட், டயல் செய்யும் சின்ன நிரல், இரு முனைகளும் பேசிக்கொள்ளும் பிபிபி நெறிமுறை, பெயர் கடவுச்சொல் சரிபார்ப்பு, ஐபி எண், வழித்தடம், டிஎன்எஸ் என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியும் தன் நிலையை எழுத்தில் சொல்லும். என்ன பிழை வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை இப்போது சொல்வது யார்? மோடமா, டயல் நிரலா, பிபிபிடியா, மறுமுனையா? ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மோடத்தில் தொடங்குவோம். வெளியே வைக்கும் மோடம், உள்ளே செருகும் மோடம் என்று இரண்டு உண்டு. லினக்ஸ்காரர்கள் எல்லாரும் வெளி மோடத்தைத்தான் சிபாரிசு செய்தார்கள், விலை அதிகம் என்றாலும். அதற்குக் காரணம் இருந்தது. கடைகளில் மலிவாகக் கிடைத்த உள் மோடங்களில் பெரும்பாலானவை வின்மோடம். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை, அதாவது சத்தத்தை எண்ணாகவும் எண்ணைச் சத்தமாகவும் மாற்றும் கணக்கை, அட்டையில் செய்யாமல் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தக் கணக்கைச் செய்யும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வரும். லினக்ஸைப் பொறுத்தவரை அது தொலைபேசிக் கம்பி செருகும் துளை கொண்ட வெற்று அட்டை. பின்னாளில் லூசென்ட் சில்லுக்கும் ஸ்மார்ட் லிங்க் சில்லுக்கும் டிரைவர்கள் வந்தன. கோனெக்சன்ட் சில்லுக்கு லினக்ஸன்ட் நிறுவனம் கொடுத்த டிரைவர் இலவசம்தான், ஆனால் வேகம் 14.4 கிலோபிட்டோடு நிற்கும், முழு வேகத்துக்குக் காசு கட்ட வேண்டும். லின்மோடம்ஸ் என்ற தன்னார்வக் குழு இந்த அட்டைகளை ஒவ்வொன்றாக இனம் பிரித்து வழி சொன்னது. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு உலகமெங்கும் பல ஆயிரம் பேர் நன்றிக்கடன் பட்டிருக்கிறார்கள்.

வெளி மோடத்தில் இன்னொரு நன்மை, அந்தச் சிவப்பு விளக்குகள். லைன் எடுத்திருக்கிறதா, மறுமுனையின் சிக்னல் கிடைத்ததா, தரவு போகிறதா, வருகிறதா என்று தனித்தனியாக எரியும். திரையைப் பார்க்காமலே எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சீரியல் போர்ட். டாஸில் காம்1 என்பது லினக்ஸில் டெவ் அடைவுக்குள் டிடிஒய்எஸ்0, காம்2 என்பது டிடிஒய்எஸ்1. பழைய கையேடுகளில் சியூஏ0 என்று இருக்கும், கர்னல் 2.2 வந்ததிலிருந்து அந்தப் பெயரைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அந்தப் பெயர் வழக்கம் தொடர்ந்தது, அங்கே வெளியே அழைக்கச் சியூஏ வகைக் கோப்புதான். இங்கே ஒரு பழைய தொல்லை உண்டு. காம்1-உம் காம்3-உம் ஒரே ஐஆர்க்யூ எண் 4-ஐப் பகிர்ந்துகொள்ளும், காம்2-உம் காம்4-உம் 3-ஐப் பகிர்ந்துகொள்ளும். காம்1-இல் சீரியல் மவுஸ், காம்3-இல் உள் மோடம் என்று வைத்தால் மவுஸை அசைக்கும்போது இணைப்பு தள்ளாடும். அட்டையில் இருக்கும் ஜம்பரைக் கழற்றி மாற்றிப் போட்டு, செட்சீரியல் கட்டளையில் புதிய எண்ணைச் சொன்னால் தீர்ந்தது.

அதே செட்சீரியல் இன்னொன்றும் சொல்லும்: உங்கள் போர்ட்டில் இருக்கும் சில்லு 16450-ஆ, 16550ஏ-வா என்று. முதலாவதில் ஒரே ஒரு எழுத்து நிற்க இடம், இரண்டாவதில் 16 எழுத்து நிற்கலாம். நொடிக்கு 1,15,200 பிட் என்றால் ஏறக்குறைய 11,500 எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் பிராசசரைத் தட்டி எழுப்பினால் 486 கணினி மூச்சுத் திணறும், எழுத்துகள் கீழே சிந்தும். 16550ஏ இருந்தால் கவலையில்லை.

'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் அது மோடத்தின் பேச்சு இல்லை, கர்னலின் பேச்சு. போர்ட்டைத் திறக்க உங்கள் பயனருக்கு அனுமதி இல்லை. டெபியனில் டயல்அவுட் என்ற குழுவில் பயனரைச் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டிவிடலாமே என்பார்கள். வேண்டாம், அது கெட்ட பழக்கம்.

இப்போது மினிகாம். என் கருத்தில் இதுதான் மொத்த வேலையின் நடுநாயகம். மினிகாமைத் திறந்து போர்ட்டைச் சொல்லிவிட்டு 'ஏடி' என்று இரண்டு எழுத்து தட்டி என்டர் அழுத்துங்கள். மோடம் 'ஓகே' என்று பதில் சொன்னால், கேபிள் சரி, போர்ட் சரி, மோடம் உயிரோடு இருக்கிறது, மூன்றும் ஒரே அடியில் உறுதி. பதில் வரவில்லையென்றால் பிபிபியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இந்தப் படியிலேயே நில்லுங்கள். எத்தனையோ பேர் இங்கே ஓகே வாங்காமலே மேலே ஏறி, கடவுச்சொல் கோப்பை மாற்றி மாற்றி எழுதிப் பொழுதைப் போக்கினார்கள்.

இந்த ஏடி மொழி 1981-இல் ஹேஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்தது. அதன் வேகம் நொடிக்கு 300 பிட். டென்னிஸ் ஹேஸும் டேல் ஹெதரிங்டனும் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். தரவு போகும் அதே கம்பியில் கட்டளையையும் அனுப்ப வேண்டும் என்ற சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் அழகு. ஒரு நொடி சும்மா இரு, மூன்று கூட்டல் குறி அனுப்பு, மறுபடி ஒரு நொடி சும்மா இரு. உடனே மோடம் தரவை விட்டுவிட்டுக் கட்டளைக்குக் காது கொடுக்கும். நிறுவனம் 1999-இல் மூடப்பட்டது, மொழி இன்றும் வாழ்கிறது.

டயல் செய்ய ஏடிடிடி, பின்னால் எண். பழைய எக்சேஞ்சுகளில் டோன் எடுபடாது, பல்ஸ்தான், அதற்கு ஏடிடிபி. அலுவலகத்தில் வெளி லைனுக்கு 9 அல்லது 0 அழுத்த வேண்டுமென்றால் அந்த எண்ணுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி. இரண்டு நொடி நின்று மீதியை அழுத்தும். 'நோ டயல்டோன்' என்று மோடம் அடம்பிடித்தால், தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கேட்கிறது, மோடத்துக்குக் கேட்கவில்லை என்றால் வியப்பில்லை. நம் எக்சேஞ்சின் டயல் டோனும் அமெரிக்க டயல் டோனும் ஒன்றல்ல. மோடமோ அந்த ஊர் டோனுக்குப் பழகியது. ஏடிஎக்ஸ்3 என்று கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும். நம் ஊரில் இந்த ஒரு வரி தீர்த்த தலைவலிகள் கொஞ்சமில்லை.

பிறகு அந்தச் சத்தம். முதலில் நீளமாக ஒரு விசில் கேட்குமே, அது மறுமுனை மோடம் அனுப்பும் 2,100 ஹெர்ட்ஸ் ஒலி. வழியில் இருக்கும் எதிரொலி நீக்கிக் கருவிகளை 'ஒதுங்கிக்கொள்' என்று சொல்லும் ஒலி அது. அந்தக் கருவிகள் மனிதப் பேச்சுக்காக வைத்தவை, மோடம் பேச்சுக்கு இடைஞ்சல். அதன்பின் இரண்டு மோடமும் லைன் எவ்வளவு தாங்கும் என்று அளந்து ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். திரையில் 'கனெக்ட் 33600' என்று வரும்.

56 கிலோபிட் மோடம் வாங்கியும் 33.6-க்கு மேல் ஏறாத வீடுகள் நிறைய. மோடத்தைத் திட்டிப் பயனில்லை. தொலைபேசி வலைப்பின்னல் குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வொரு அளவிலும் ஏழு பிட்டை நம்பலாம் என்றால் 56,000. சேவை நிறுவனத்தின் முனை முழுக்க டிஜிட்டலாக இருந்து, வழியில் ஒரே ஓர் இடத்தில், உங்கள் எக்சேஞ்சில் மட்டும், அனலாகாக மாறினால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். 1998-இல் வந்த வி.90 தரத்தின் அடிப்படை இதுதான். நடுவில் இன்னொரு முறை அனலாகாக மாறினால் பழைய வேகம்தான். வீட்டிலிருந்து வெளியே போகும் தரவுக்கோ வி.90-இல் எப்படியும் 33.6-தான் உச்சம்.

கனெக்ட் வந்த பிறகு மினிகாமிலேயே கொஞ்சம் காத்திருங்கள். சில நிறுவனங்கள் 'லாகின்' என்று எழுத்தில் கேட்கும். சில எதுவும் கேட்காமல் திரையில் குப்பையைக் கொட்டும். இந்தக் குப்பையைக் கண்டு பயந்து லைனைத் துண்டிப்பவர்கள் அதிகம். ஆனால் அது வந்தால் கொண்டாட வேண்டும், மறுமுனை பிபிபியில் பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அதை ஒருமுறை அருகில் வைத்துப் பார்ப்போம். குப்பை எப்போதும் ஓர் அலைக்குறியில் தொடங்கும்: ~. அதன் எண் 126. பிபிபியில் ஒரு பொட்டலம் இங்கே தொடங்குகிறது என்ற அடையாளம். அடுத்து புள்ளி வைத்த வினோத எழுத்து ஒன்று, அதன் எண் 255, எல்லாருக்கும் என்ற முகவரி. அடுத்து }# என்று ஜோடியாக வரும். 32-க்குக் கீழே உள்ள எண்களை அப்படியே அனுப்பினால் வழியில் யாராவது கட்டுப்பாட்டுக் குறி என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் முன்னால் } போட்டு, எண்ணோடு 32 கூட்டி அனுப்ப வேண்டும் என்பது விதி. # என்பதன் எண் 35. 32-ஐக் கழித்தால் 3. அதுதான் உண்மையில் அனுப்பியது. அதன்பின் தலையில் கோடு போட்ட 'ஏ' எழுத்தும் ஒரு ஆச்சரியக்குறியும்: 192, 33. இந்த இரண்டும் சேர்ந்தால் எல்சிபி, அதாவது இணைப்பை அமைக்கும் பேச்சுவார்த்தை. அதற்குப் பின் }! என்றால் 1, 'என் கோரிக்கை இது' என்று தொடங்கும் செய்தி. குப்பை என்று நாம் நினைத்ததை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'வணக்கம், இணைப்பு அமைக்கலாமா?' என்று மறுமுனை கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் மினிகாமில் இருப்பதால் பதில் சொல்ல ஆளில்லை. பத்துத் தடவை கேட்டுப் பார்த்துவிட்டு லைனை வைத்துவிடும். 1994 ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 1661, 1662 ஆவணங்களில் இந்த விதிகள் எல்லாம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஷெல் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இந்த வணக்கம் வராது. அவர்களில் கெட்டிக்காரர்கள் ஸ்லிர்ப் என்ற நிரலைச் சேவையகத்திலேயே ஓட்டி, எழுத்துத் திரைக் கணக்கை முழு இணைப்பாக மாற்றிக்கொண்டார்கள். அந்த ஸ்லிர்ப்தான் இன்று க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள் வலைப்பின்னல் வேலை பார்க்கிறது. நல்ல நிரல் வீணாகாது.

கையால் செய்து பார்த்ததை இனித் தானாக நடக்க வைக்க வேண்டும். சாட் என்ற குட்டி நிரல் அதற்குத்தான். அதற்குக் கொடுக்கும் கோப்பில் 'இதை எதிர்பார், இதை அனுப்பு' என்று ஜோடி ஜோடியாக எழுதுவோம்:

அபார்ட் 'பிசி'
அபார்ட் 'நோ கேரியர்'
அபார்ட் 'நோ டயல்டோன்'
'' ஏடிஇசட்
ஓகே ஏடிஎக்ஸ்3டிடி172...
கனெக்ட் ''

எதையும் எதிர்பாராமல் ஏடிஇசட் அனுப்பு. ஓகே வந்தால் டயல் செய். கனெக்ட் வந்தால் உன் வேலை முடிந்தது. மேலே உள்ள மூன்று வரிகள் இல்லாவிட்டால் மறுமுனை பிசியாக இருந்தாலும் சாட் நேரம் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். மினிகாமில் லாகின் கேட்கும் நிறுவனமாக இருந்தால் அந்தக் கேள்விக்கும் ஒரு ஜோடி எழுத வேண்டும். மினிகாமில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நண்பர் கொடுத்த கோப்பு அவருடைய நிறுவனத்துக்கு எழுதியது.

பிறகு பிபிபிடி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980-களின் கடைசியில் முளைத்து, ஆஸ்திரேலியாவின் பால் மக்கெராஸ் நெடுங்காலம் பேணி வளர்த்த நிரல். இதற்கான விருப்பங்களை ஈடிசி/பிபிபி அடைவுக்குள் எழுத வேண்டும். எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை, கையேட்டில் இருக்கிறது. சிலவற்றின் காரணம் மட்டும் சொல்கிறேன். வேகம் 1,15,200 என்று போட வேண்டும், மோடம் 33,600-தான் என்றாலும். அது மோடத்துக்கும் கணினிக்கும் இடையிலான வேகம். மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால் விரிந்த தரவு வர அகலமான பாதை வேண்டும். சிஆர்டிஎஸ்சிடிஎஸ் என்ற சொல் மிக அவசியம். பாதை அகலம், லைன் குறுகல் என்றால் 'கொஞ்சம் பொறு' என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அதைக் கேபிளில் உள்ள தனிக் கம்பிகள் சொல்லும். நோஆத் என்று போடாவிட்டால், சேவை நிறுவனம் உங்களிடம் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று பிபிபிடி கேட்கலாம். எந்த நிறுவனமும் வாடிக்கையாளரிடம் அடையாளம் காட்டாது, இணைப்பு முறியும்.

டீபக். முதல் நாளே இந்த வார்த்தையையும் அந்த விருப்பங்களோடு சேர்த்துவிடுங்கள். இன்னொரு முனையத்தில் டெய்ல் மைனஸ் எஃப் போட்டு வார்/லாக் அடைவில் பிபிபிடியின் செய்திகள் சேரும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு டயல் செய்யுங்கள். நாம் அனுப்பும் கோரிக்கை, அவர்கள் தரும் பதில், ஒவ்வொன்றும் வரிவரியாக ஓடும்.

அந்த ஓட்டத்தைப் படிக்கத் தெரிந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 'எல்சிபி: டைம்அவுட் செண்டிங் கான்ஃபிக்-ரிக்வெஸ்ட்ஸ்' என்று வந்தால், நாம் கத்திக்கொண்டிருக்கிறோம், மறுமுனையில் பிபிபி பேச ஆள் இல்லை. லாகின் கேள்விக்குப் பதில் சொல்லாமலே பிபிபியைத் தொடங்கிவிட்டோமா என்று சாட் கோப்பைப் பார்க்க வேண்டும். நாம் அனுப்பியதே நமக்குத் திரும்பி வருகிறது என்று பிபிபிடி சொன்னாலும் அதே காரணம்தான் பெரும்பாலும்: மறுமுனை இன்னும் லாகின் திரையில் நின்று நாம் தட்டியதை எதிரொலிக்கிறது. ஒவ்வொரு முனையும் கோரிக்கையில் தானாக எடுத்த ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்பும். தன் எண்ணே திரும்பி வந்தால் அது எதிரொலி என்று தெரிந்துவிடும். எளிமையான, திறமான உத்தி.

அடுத்த படி அடையாளம். அதைச் சரிபார்க்கும் முறை பாப் அல்லது சாப். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பாப்-சீக்ரெட்ஸ் கோப்பில் ஒரு வரியாக இருக்கும், நடுவில் ஒரு நட்சத்திரக் குறியோடு. கோப்பை ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி வையுங்கள். கடவுச்சொல்லில் # இருந்தால் அதன்பின் உள்ளதைக் குறிப்புரை என்று தள்ளிவிடும், மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். சாப் கேட்கும் நிறுவனமும் உண்டு. அதே வரியைச் சாப்-சீக்ரெட்ஸ் கோப்பிலும் போட்டுவிட்டால் எது கேட்டாலும் கவலையில்லை.

அதைத் தாண்டினால் ஐபிசிபி, அதாவது ஐபி எண்ணுக்கான பேச்சுவார்த்தை. இங்கே நாம் '0.0.0.0 என்ற முகவரி வைத்துக்கொள்ளவா?' என்று கேட்போம். 'கான்ஃப்நாக்' என்று மறுப்பு வரும். புதியவர்கள் இந்த மறுப்பைப் பார்த்ததும் தவறு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த மறுப்புக்குள்ளேயே 'அது வேண்டாம், இந்த முகவரியை வைத்துக்கொள்' என்று ஒரு எண் இருக்கும். நாம் அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேட்போம், அவர்கள் சரி என்பார்கள். உங்கள் கணினிக்கு ஐபி எண் வந்துவிட்டது.

வந்த பிறகும் உலாவியில் எதுவும் திறக்கவில்லை என்றால் இரண்டே காரணம். ஏதாவது ஓர் ஐபி எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். பதில் வருகிறது, பெயரைக் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ். யூஸ்பியர்டிஎன்எஸ் என்று சேர்க்க வேண்டும், அல்லது ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் நிறுவனம் கொடுத்த எண்களைக் கையால் எழுத வேண்டும். எண்ணுக்கே பதில் இல்லை என்றால் வழித்தடம். கணினியில் ஈதர்நெட் அட்டை இருந்து, அதற்கு ஏற்கெனவே ஓர் இயல்பு வழி இருந்தால் பிபிபிடி அதை மாற்றாது. 'இருக்கும் வழியை மாற்றவில்லை' என்று லாகில் நேர்மையாக எழுதியும் வைத்திருக்கும். ஈதர்நெட் வழியை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்தால் போதும். அலுவலகக் கணினிகளில் இந்த ஒன்றில் விழாதவர்கள் குறைவு.

இவ்வளவும் தேவையா, எல்லாவற்றையும் தானே செய்துவிடும் கேபிபிபி இருக்கிறதே, டபிள்யூவிடயல் இருக்கிறதே என்பார்கள். இருக்கின்றன, நல்லவையும்கூட. டபிள்யூவிடயல் தானே மோடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, லாகின் கேள்வியை ஊகித்துப் பதில் சொல்லும். கனடாவின் வேர்ல்ட்விஷன்ஸ் நிறுவனத்தில் எழுதியது. அதன் ஊகம் பலிக்காத இடங்களுக்காக 'ஸ்டூப்பிட் மோட்' என்று ஒரு விருப்பம் வைத்தார்கள். அதை 1 ஆக்கினால் ஊகிப்பதை விட்டுவிட்டு நேரே பிபிபிடியை அழைக்கும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு அதுவே போதும். ஆனால் என் தீர்ப்பு இதுதான்: மினிகாமில் ஒருமுறை கையால் இணைத்துப் பார்த்த பிறகு இவற்றைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அவை தடுக்கி விழும் நாளில் எந்தப் படியில் விழுந்தன என்று உங்களுக்குத் தெரியாது.

யுனிக்ஸ் வழியின் அருமை இணைப்பு வந்த பிறகுதான் முழுதாகத் தெரியும். ஐபி எண் கிடைத்ததும் பிபிபிடி ஐபி-அப் என்ற ஸ்கிரிப்டை ஓட்டும். அதில் இரண்டு வரி எழுதினால் போதும்: வரிசையில் காத்திருக்கும் மின்னஞ்சலை அனுப்பு, ஃபெட்ச்மெயிலைக் கொண்டு புதியதைக் கொண்டு வா. பதில்களை எல்லாம் இணைப்பு இல்லாத நேரத்தில் நிதானமாக எழுதி வைத்துவிட்டு, ராத்திரி ஒருமுறை டயல் செய்தால் சில நிமிடங்களில் எல்லாம் போய், எல்லாம் வந்து, லைனும் வைத்தாகிவிடும். தொலைபேசி மீட்டர் ஒருபக்கம், சேவை நிறுவனத்தின் மணிக்கணக்கு இன்னொரு பக்கம் என்று இரண்டு பக்கமும் காசு கரைந்த காலத்தில் இது பெரிய சேமிப்பு. பெரிய கோப்பு இறக்குவதற்கு டபிள்யூகெட் மைனஸ் சி. லைன் கட்டானால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

லைன் கட்டாவதற்கு மென்பொருள் எதுவும் செய்ய முடியாது. பக்கத்து அறையில் இணையாக மாட்டிய தொலைபேசியை யாராவது எடுத்தால் போச்சு. மழை நாளில் கம்பி இணைப்பில் ஈரம் ஏறினால் கரகர சத்தம், மோடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் 'நோ கேரியர்'. அப்போது பெட்டியைத் திறந்து முனையைச் சுரண்டித் துடைத்துத் தரும் லைன்மேன்தான் நம் இணையத்தைக் காத்தவர்.

இனி இன்றைக்கு வருவோம். சிம் மாட்யூல் வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே: உங்கள் மாட்யூல் ஒரு ஹேஸ் மோடம் போலத்தான் பேசுகிறது. தொலைபேசி எண்ணுக்குப் பதில் *99#, அதற்கு முன்னால் உங்கள் நிறுவனத்தின் ஏபிஎன் பெயரைச் சொல்லும் ஒரு ஏடி+சிஜிடிகான்ட் வரி, வித்தியாசம் இவ்வளவுதான். சாட் அதே, பிபிபிடி அதே, டைம்அவுட் செய்தியும் அதே. போர்ட் மட்டும் டிடிஒய்யூஎஸ்பி0 என்று பெயர் மாறியிருக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு: உபுண்டு போன்றவற்றில் மோடம்மேனேஜர் என்ற சேவை பின்னணியில் ஓடி, புதிதாகச் செருகும் போர்ட்டுகளுக்குத் தானே ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். நீங்கள் பேசும்போது அதுவும் குறுக்கே பேசினால் பதில்கள் குழம்பும். சோதித்து முடிக்கும்வரை அதை நிறுத்தி வையுங்கள்.

வீட்டு ஃபைபரில் பிபிபிஓஇ, அதாவது ஈதர்நெட் மேல் ஓடும் பிபிபி, வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவைப் பாருங்கள். ஈதர்நெட் பொட்டலத்தின் 1,500 பைட்டில் எட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 1,492.

அடுத்த முறை இணைப்பு வரவில்லை என்று எனக்கு எழுதும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். டீபக் போட்டு, லாக் கோப்பின் கடைசி முப்பது வரியை அப்படியே அனுப்புங்கள், கடவுச்சொல்லை மட்டும் அழித்துவிட்டு.